கால் பெயராமல் இறங்குவதற்கு ஒரு சொல் வேண்டும்

வரிக்காரி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். ‘ஸ்டிக் இட்’ என்ற 2006ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்துக்குத் தமிழில் வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜிம்னாஸ்டிக்ஸை உதறிவிட்டுப் போன பெண்ணொருத்தி, நீதிமன்ற உத்தரவால் மறுபடியும் பயிற்சிக்கூடத்துக்கு வந்துசேரும் நகைச்சுவைக் கதை. தலைப்பிலேயே இடறி விழுந்துவிட்டேன். கரணம் போட்டு இறங்குகிறவர் ஒரு தப்படிகூட எடுத்துவைக்காமல் நிற்பதுதான் ‘ஸ்டிக்’. ‘உங்கள் விதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லவும் இதே தொடர்தான். இரண்டும் ஒரே சொல்லில் வர வேண்டும். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

ஓலைநறுக்கு எழுதியது:
முதலில் ‘ஜிம்னாஸ்டிக்ஸ்’ என்று எழுதுவதை நிறுத்துவோம், ‘சீருடற்பயிற்சி’ இருக்கிறது. நீங்கள் கேட்டதற்கு ‘நிலையூன்றல்’ போதும். வில்லோர் நிற்பதற்கே பைசாசம், மண்டிலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என்று நான்கு பெயர் வைத்த மொழி இது. நமக்கா பஞ்சம்?

ஆறாம்வேற்றுமை எழுதியது:
ஐயா, தனித்தமிழுக்குச் சாட்சியாகப் பைசாசத்தையா அழைத்துவருவது? ஒரு காலை முடக்கி மறுகாலில் நிற்பது அந்த நிலை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கெர்ரி ஸ்ட்ரக் கணுக்கால் காயத்தோடு தாண்டி, இறங்கியதும் ஒற்றைக்காலில் நின்றாரே, அவருக்கு வேண்டுமானால் பொருந்தும். சீருடற்பயிற்சியைப் பாடநூலில் வைத்துக்கொள்ளலாம். பதினேழு வயதுப் பெண் வாயில் வைத்தால் படம் வேறு விதமான நகைச்சுவை ஆகிவிடும். மேலும் ‘நிலையூன்றல்’ தொழிற்பெயர். இங்கே வேண்டியது ஏவல். பயிற்சியாளர் ‘நிலையூன்றுக!’ என்று கத்தினால் பிள்ளை சிரித்தே விழுந்துவிடும்.

பாய்விரிப்பு எழுதியது:
பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எங்களுக்கு ‘ஊன்று’ என்றால் கைதான் நினைவுக்கு வரும். கரணத்தில் கை ஊன்றுவது வேறு வேலை. இறங்கும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை. ஆழக் குந்திவிட்டால் அதற்குத் தனியே மதிப்பெண் கழிவு. ஆனால் பாதம் பெயர்ந்துவிட்டால் ‘ஸ்டிக்’ என்ற சொல்லுக்கே இடமில்லை. சிறு தப்படிக்கு 0.1, பெரிய தப்படிக்கு 0.3, விழுந்தால் 1.0 போய்விடும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தீபா கர்மாகர் ‘வால்ட்’ எனும் தாண்டுதல் போட்டியில் நான்காம் இடம். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.150. இரண்டு தாண்டுதல்களின் சராசரி அது. அதாவது ஏதாவது ஒரு தாண்டுதலில் ஒரு பெரிய தப்படிக்கு உண்டான கழிவு, அவ்வளவுதான். ஆகவே நிற்பதைவிடப் பெயராமைதான் இங்கே உயிர். கூடத்தில் நாங்கள் சொல்வது ‘அப்படியே நில்!’. வேறு சொல்லே வைத்துக்கொண்டதில்லை.

ஓலைநறுக்கு எழுதியது:
பெயராமை! அருமை. ‘பெயராநிலை’ என்போம், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் கச்சிதம். நற்றிணை 95ஆம் பாடலில் ஆடுமகள் முறுக்கேறிய கயிற்றின்மேல் நடக்கிறாள். கயிற்றில் நடந்தவள் ஒருநாள் கீழே இறங்கித்தானே இருப்பாள்? இறங்கி நின்றதற்கும் அவர்களிடம் ஒரு சொல் இருந்திருக்கும். கழைக்கூத்தாடும் குடும்பங்களிடம் கேட்டுத் தொகுக்க வேண்டும். கழை என்பது மூங்கில். ‘கழி’யோடு அதற்கு உள்ள உறவைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஆறாம்வேற்றுமை எழுதியது:
வெள்ளிக்கிழமை, ஐயா. வடவெழுத்தை நீக்கி எழுதச் சொன்னார் தொல்காப்பியர். சொல்லையே நீக்கச் சொல்லவில்லை. ‘ஸ்டிக்’ என்றே விட்டாலும் குடிமுழுகாது. தமிழ்தான் வேண்டும் என்றால் ‘குத்திட்டு நில்’ எப்படி?

பாய்விரிப்பு எழுதியது:
கண்தான் குத்திட்டு நிற்கும், அதுவும் நல்ல நேரத்தில் இல்லை. வேண்டாம்.

வரிக்காரி எழுதியது:
நேற்றிரவு அந்தக் காட்சிகளை மறுபடி பார்த்தேன். ‘நின்றுகாட்டு’ என்று வைத்தால்? பயிற்சியாளர் சொன்னால் சவால். நடுவர்களைப் பார்த்து அவள் ‘நின்றுகாட்டுகிறேன்’ என்றால் எதிர்ப்பு. திரையிலும் அடங்குகிறது.

ஆறாம்வேற்றுமை எழுதியது:
வென்றுகாட்டு, செய்துகாட்டு வரிசையில் ‘காட்டு’ துணைவினை. மறுப்பில்லை. ஆனால் இது வசனம், கலைச்சொல் இல்லை. விளையாட்டு அகராதியில் எந்தத் தலைப்பின்கீழ் ஏற்றுவது? அரை மனதோடு ஆதரவு.

பாய்விரிப்பு எழுதியது:
முழு மனதோடு ஆதரவு. நாளைக்கே கூடத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஓலைநறுக்கு எழுதியது:
என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். பெயராநிலை இன்றில்லாவிட்டாலும் என்றாவது நிற்கும்.

வரிக்காரி எழுதியது:
‘நின்றுகாட்டு’ என்றே அனுப்பிவிட்டேன், நன்றி. ஆனால் உச்சக்கட்டத்துக்குத் திங்கள்வரை நேரம் வாங்கியிருக்கிறேன். நன்றாகத் தாண்டிய பெண்ணுக்கு, உள்ளாடைப் பட்டை வெளியே தெரிந்தது என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் முறையைக் கைவிடுகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்வது ‘ஸ்கிராட்ச்’. ‘விலகல்’ என்று போட்டால் தோற்றுப் போனதுபோல ஒலிக்கிறது. ‘புறக்கணிப்பு’ சட்டமன்றச் செய்திபோல இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஓலைநறுக்கு எழுதியது:
பெயராநிலையை ஏற்றிருந்தால் இது தானாகவே வந்திருக்கும், அம்மா: ‘ஆடாநிலை’.

ஆறாம்வேற்றுமை எழுதியது:
ஐயா, ‘ஆடாநிலை’ என்றால் அசையாமல் நிற்பதல்லவா? நாம் ஒரு வாரமாகத் தேடியது அதைத்தானே?