ஸ்லைடரைத் தொட்டதும் பந்து காணாம போயிடுது, கொஞ்சம் உதவுங்க

கேள்வி:
வணக்கம், ஜாவாஸ்கிரிப்ட்ல சின்னதா ஒரு பந்து கேம் பண்றேன், அம்புக்குறி கீயால பலகைய நகர்த்தி பந்தத் தட்டணும், அவ்ளோதான். இப்ப வேகத்துக்கு ஒண்ணு, சவுண்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஸ்லைடர் வெச்சிருக்கேன், இன்புட் டைப் ரேஞ்ச்தான். தொடாத வரைக்கும் நல்லா ஓடுது. வேகத்த 5ல வெச்ச உடனே பந்து ஒரே தாவுல ஸ்கிரீன விட்டுப் போயிடுது, கன்சோல்ல பாத்தா பந்தோட எக்ஸ் (இடவலமா அது இருக்குற எடம்) 120ல இருந்து 1205, அடுத்த ஃப்ரேம்ல 12055. சவுண்ட் ஸ்லைடர் 0லருந்து 1 வரைக்கும், அது முழுசா கத்துது இல்லன்னா சத்தமே வரல, நடுவுல நிக்கவே மாட்டேங்குது. ரெண்டு நாளா இதோடயே உக்காந்திருக்கேன்.

பதில் 1:
அந்த 1205லயே விடை இருக்கு. ஸ்லைடரோட வேல்யூ எப்பவும் ஸ்ட்ரிங்காதான், அதாவது நம்பரா இல்லாம எழுத்தாதான் வரும், ப்ளஸ் போட்டா கூட்டாது, பக்கத்துல ஒட்டிடும். வேல்யூக்கு பதிலா வேல்யூஆஸ்நம்பர் போடுங்க. கழித்தல், பெருக்கல்னா ஜாவாஸ்கிரிப்டே நம்பரா மாத்திக்கும், அதனால இந்த தப்பு சில இடத்துல கண்ணுக்கே படாது, எல்லா ஸ்லைடரையும் ஒருதடவ பாத்துருங்க.
சவுண்டுக்கு ஸ்டெப் (ஸ்லைடர் ஒரு தடவைக்கு எவ்ளோ நகரணும்ங்கற அளவு) குடுக்கலன்னு நெனைக்கிறேன். குடுக்கலன்னா அது 1, அப்ப 0க்கும் 1க்கும் நடுவுல நிக்க எடமே கிடையாது. ஸ்டெப் 0.01 வைங்க.

கேள்வி கேட்டவர்:
ரெண்டும் சரியாயிடுச்சு, ரொம்ப நன்றிங்க! ஆனா இழுக்கும்போது வேகம் மாறல, கைய எடுத்தப்புறம்தான் மாறுது. அதுவும் இல்லாம ஸ்லைடரத் தொட்டுட்டு விளையாடுனா, பலகையோட சேந்து ஸ்லைடரும் நகருது.

பதில் 2:
சேஞ்ச் ஈவன்ட் போட்டிருப்பீங்க, அது விட்டதும்தான் வரும். இழுக்க இழுக்க வேணும்னா இன்புட் ஈவன்ட்.
ரெண்டாவது, ஃபோகஸ் இன்னும் ஸ்லைடர்லயே இருக்கு, அதான் நீங்க அழுத்துற கீ அதுக்கும் போகுது. பாயின்ட்டர்அப்ல (மவுஸ விடுற ஈவன்ட்) ப்ளர் கூப்பிடுங்க, அது ஃபோகஸ எடுத்துடும். நெறைய பேர் இத சேஞ்ச்ல வெச்சிடுவாங்க, தயவுசெஞ்சு அப்படி வேணாம், மவுஸ் புடிக்க முடியாதவங்க டேப் அழுத்தி வந்து அம்புக்குறியாலதான் ஸ்லைடர நகர்த்துவாங்க, ஒரு தட்டுக்கே ஃபோகஸ் போயிட்டா அவங்க என்ன பண்ணுவாங்க? அதோட கேமோட கீடவுன்ல (கீ அழுத்துனா வர்ற ஈவன்ட்), ஈவன்ட் டார்கெட் ஸ்லைடரா இருந்தா பலகைய நகர்த்தாம ரிட்டர்ன் பண்ணிடுங்க.

கேள்வி கேட்டவர்:
பண்ணிட்டேங்க. இழுக்க இழுக்க பந்து வேகம் ஏறுறது அப்படியே தெரியுது. மவுஸ எடுத்து வெச்சிட்டு டேப்லயும் ஓட்டிப் பாத்தேன், ஸ்லைடர் மட்டும் நகருது, பலகை அசையல.