எமர்ஜென்சியில் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு வந்த நிமோனியா: எங்கள் அனுபவம்

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. மூச்சிரைப்போடு எமர்ஜென்சிக்குத் தூக்கிப் போனோம். நெபுலைசர் வைத்தார்கள், ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தது, வைரஸ்தான், ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். காய்ச்சலும் விட்டது, விளையாட ஆரம்பித்தாள். அப்புறம் திடீரென்று மறுபடி காய்ச்சல், முன்னைவிட அதிகமாக. இருமல் என்னவோ குறைவுதான்.

கிளம்பும்போது ஒரு நர்ஸ் சொல்லி அனுப்பியதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. இருமல் சத்தத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள், மூச்சைப் பாருங்கள் என்றார். குழந்தை அழாமல் இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும், ஏனென்றால் சின்னக் குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடமாட்டார்கள். 2 மாதத்துக்குள் என்றால் 60, 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்றிலிருந்து 5 வயதுவரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேகமான மூச்சு. காய்ச்சலிலும் கூடும் என்பதால் காய்ச்சல் தணிந்ததும் திரும்ப எண்ணச் சொன்னார். அன்று ராத்திரி காய்ச்சல் இறங்கியும் 50க்கு மேல் போனது, மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உடனே கிளம்பிவிட்டோம். எக்ஸ்ரேயில் வலது பக்கம் நிமோனியா.

முதல் தடவையே ஏன் எக்ஸ்ரே எடுக்கவில்லை என்று வீட்டில் பெரிய கோபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆரம்பத்தில் எடுத்தால் படம் சுத்தமாகவே வரலாம், வைரஸ் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிய பிறகு பாக்டீரியா உள்ளே இறங்குவதும் உண்டு. ஆனால் எப்போது திரும்பி வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்காமல் எந்தக் குழந்தையையும் அனுப்பக் கூடாது. நர்ஸ் சொல்லாமல் விட்டிருந்தால் விடியும்வரை காத்திருப்போம்.

பதில்:
எங்கள் பையனுக்கு 4 வயது. சளிக்காக எமர்ஜென்சி போய் வந்த பிறகு அவன் சொன்னதெல்லாம் வயிற்றுவலி, வயிற்றுவலி என்றுதான். குடல்வால் பிரச்சினையோ என்று பயந்து ஓடினோம். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா இருந்தது. அந்த இடத்தில் வந்தால் குழந்தைகள் வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்வார்களாம். அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், காய்ச்சல் சீக்கிரமே விட்டது. இருமல் மட்டும் வாரக்கணக்கில் இழுத்தது, அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார்கள். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்குப் போவது குறைந்து சோர்ந்து படுத்தால் யோசிக்காமல் தூக்கி வரச் சொன்னார்கள்.