வெள்ளைவால் மான் வேட்டையும் அம்புமுனைத் தேர்வும்: உறுப்பினர் அனுபவங்கள்

விஸ்கான்சின், 50 பவுண்டு வில்

அமெரிக்காவில் உள்ள எங்கள் மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது. வில்லின் இழுவிசை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை, 30 பவுண்டுக்கும், அம்புமுனையின் அகலம் 7/8 அங்குலத்துக்கும் குறையக்கூடாது, முனை நன்கு தீட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்குமேல் தேர்வு நம் பொறுப்பு. கப்பிகளின் உதவியோடு இழுக்கும் என் காம்பவுண்ட் வில்லுக்கு 125 கிரெயின் (சுமார் 8 கிராம்) எடையுள்ள, கத்தி போன்ற அலகுகள் அசையாத ஃபிக்ஸ்டு பிராட்ஹெட்டையே (வேட்டைக்கான வெட்டுமுனை) பயன்படுத்துகிறேன்.

உடலில் பட்டதும் விரியும் மெக்கானிக்கல் முனை, அலகுகளைத் திறப்பதற்கும் அகலமாக வெட்டுவதற்கும் அம்பின் ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. வலுவான வில் அதைத் தாங்கிக்கொள்ளும். 50 பவுண்டு வில்லிலோ, அம்பு ஊடுருவி வெளியேறுமா, உள்ளேயே தங்கிவிடுமா என்பதையே அச்செலவு தீர்மானித்துவிடலாம். மரத்தின் மேலுள்ள பரணிலிருந்து எய்யும்போது அம்பு விலாவின் மேற்பகுதியில் நுழைவதால், மறுபுறம் தாழ்வாக ஒரு துளை விழாவிட்டால் இரத்தம் மார்புக்கூட்டுக்குள் தேங்கி, தரையில் தடமே இல்லாமல் போகக்கூடும். அடிபட்ட மானைக் கண்டெடுக்க முடியாமல் போவதைவிடக் கொடியது இந்த வேட்டையில் வேறில்லை. ஆகவே உறையில் அச்சிட்டிருக்கும் வெட்டு அகலத்தைவிட அந்த இரண்டாவது துளையே எனக்கு முக்கியம்.

அக்டோபர் இறுதியில் ஒரு மாலை, ஓக் மரங்களுக்கிடையே வந்த பெண்மான் ஏறத்தாழ 20 கெஜத்தில் பக்கவாட்டில் நின்றது. அம்பு இரு நுரையீரல்களையும் கடந்து மண்ணில் தைத்தது. தண்டில் நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் படிந்திருந்தது. நுரையீரலில் பட்டதற்கு அதுவே அடையாளம் என்றாலும், அரை மணி நேரம் பொறுத்திருந்துதான் தடத்தைத் தொடர்ந்தேன். சருகுகளின் மேல் தடம் அறுபடவே இல்லை. மான் அருகிலேயே விழுந்திருந்தது.

ஆனால் ஃபிக்ஸ்டு முனைக்கு வில் சீராக இருந்தாக வேண்டும். முன்புற அலகுகள் காற்றைப் பிடிப்பதால், வில்லில் சிறு பிசகு இருந்தாலும் அம்பு விலகும். விறைப்பாகக் கட்டிய காகிதத்தின் வழியே எய்து, கிழிசல் எப்பக்கம் நீள்கிறது என்று பார்த்து வில்லைத் திருத்துகிறேன். பிறகு பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் ஒரே இடத்தில் தைக்கும்வரை எய்து பார்க்கிறேன்.

ஓஹாயோ, 70 பவுண்டு வில்

50 பவுண்டு வில்லைப் பொறுத்தவரை மேலே உள்ள கருத்தை முழுமையாக ஏற்கிறேன். என் வில்லின் வலுவில் 2 அங்குலம் விரியும் 100 கிரெயின் மெக்கானிக்கல் முனையும் மறுபுறம் வெளியேறிவிடுகிறது. நவம்பரில், இணைசேரும் பருவத்தில் வந்த ஓர் ஆண்மான், நாண் விடுபட்ட கணத்தில் ஓரடி முன்னே வைத்தது. அம்பு கல்லீரலில் பட்டது. கருஞ்சிவப்பு இரத்தத்தைக் கண்டதும் திரும்பிச் சென்று, நான்கு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தேன். கல்லீரலில் அடிபட்ட மானை உடனே துரத்தினால், அது படுத்த இடத்திலிருந்து எழுந்து வெகுதொலைவு போய்விடும். அகன்ற வெட்டு விட்டுச்சென்ற தடம்தான் என்னை அதனிடம் சேர்த்தது.

எனினும், உடலைச் சாய்வாகத் திருப்பி நிற்கும் மானின் மீது இம்முனையை எய்வதில்லை. அலகின் நுனி விலாவில் முதலில் இடறினால் அம்பு திசைமாறக்கூடும் என்பதால், அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருப்பேன். திரும்பாவிட்டால் போக விட்டுவிடுவேன். ஒருமுறை விரிந்த முனையில் புதிய அலகுகளும், அவற்றை மடக்கிப் பிடிக்கும் புதிய வளையமும் பொருத்தாமல் மறுபடி அம்பறாத்தூணியில் வைப்பதில்லை.