பாம்பன் வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸ் வட்டத்தோடு நின்றுவிடுகிறது, ஃபார்மேட் போடாமல் வழி உண்டா?

பாம்பன்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கடலுக்கு இருநூறு அடிதான் எங்கள் வீடு. 2017-இல் வாங்கிய டெஸ்க்டாப், விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். பத்து நாளாகத் தொல்லை தருகிறது. ஸ்விட்ச் போட்டதும் மதர்போர்டு கம்பெனிப் பெயர் வருகிறது, அப்புறம் விண்டோஸ் சின்னம், அதன் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, பாதிச் சுற்றில் அப்படியே நின்றுவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மூன்றாவது தடவை போட்டால் சில நாள் உள்ளே போகிறது. போய்விட்டால் சாயங்காலம் வரை ஒரு குறையும் இல்லை. காலையில்தான் தகராறு. மழை பெய்த மறுநாள் என்றால் ஐந்து தடவை போட்டாலும் வராது. கடிகாரம் வேறு பழைய தேதியைக் காட்டுகிறது.

ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்காமல் "விண்டோஸ் கெட்டுப்போச்சு, ஃபார்மேட் போட்டாச் சரியாயிடும், உள்ளே இருக்கிறது எல்லாம் போயிடும்" என்றார்கள். அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். அப்பா பாடிய அம்பாப் பாட்டுகளை (மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுவது) அவர் நன்றாக இருந்த காலத்தில் போனில் பதிந்து இதில் ஏற்றி வைத்திருந்தேன், பன்னிரண்டு பதிவுகள். அந்தப் போன் இப்போது இல்லை, அப்பாவும் இல்லை. வேறு பிரதி எங்கேயும் கிடையாது. அதை இழக்காமல் என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை சர்வீஸ்:

தங்கச்சி, ஃபார்மேட் போடாமல் தூக்கி வந்தது ரொம்ப நல்ல காரியம். பதினான்கு வருஷமாக இந்தக் கரையில் கம்ப்யூட்டர் திறந்து பார்க்கிறவன் நான். "காலையில் வராது, சூடேறினால் வரும்" என்று யாராவது சொன்னாலே எனக்கு முதல் சந்தேகம் உப்புக்காற்று மேல்தான். காற்றில் வருகிற உப்பு போர்டு மேலும் கனெக்டர் உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே காற்றிலுள்ள தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும், கடல் உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அதற்கும் முன்னாலேயே கசியும். ராத்திரி முழுக்க ஈரம் ஏறிக் காலையில் தொல்லை கொடுக்கும், மெஷின் சூடானதும் காய்ந்துவிடும். வாடைக்காற்று அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் என்னிடம் வருகிற கேஸில் பாதி இதுதான்.

தேதி மாறுவது தனிக் கோளாறு. போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று கேளுங்கள், 3 வோல்ட். தீர்ந்துபோனால் தேதி மட்டுமில்லாமல் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற போர்டின் சொந்த புரோகிராம்) செட்டிங்கும் பழைய நிலைக்குப் போய்விடும். எட்டு வருஷப் பேட்டரி என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

மெயின் வயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள், மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். அப்புறம் மூடியைக் கழற்றி ராமை எடுத்து, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாக ஒரே பக்கமாகத் தேய்த்து, துகள் இல்லாமல் துடைத்து, இரண்டு பக்கமும் கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போடுங்கள். ஹார்டு டிஸ்கிலிருந்து போர்டுக்குப் போகிற பட்டையான சாட்டா கேபிளின் இரண்டு முனையையும் பாருங்கள், கறுத்திருந்தால் புதுசு போடுங்கள், நூறு ரூபாய் சொச்சம்தான். ஐசோபுரொபைல் ஆல்கஹால் கிடைத்தால் துடைக்கலாம். கைக்குப் போடுகிற சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் பசையும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய், துரு எடுக்கிற ஸ்ப்ரே எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

பிரிண்டர், பென் டிரைவ், கார்டு ரீடர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு கீபோர்டும் மவுஸும் மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். நின்றுபோகும்போது கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள், விளக்கு மாறினால் மெஷின் உயிரோடு இருந்துகொண்டு டிஸ்குக்காகக் காத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், மாறவே இல்லையென்றால் முழுசாக உறைந்துவிட்டது.

தேவிபட்டினம், இப்போது துபாய்:

அண்ணன் சொன்ன உப்பு விஷயம் அத்தனையும் உண்மை. ஆனால் வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் பாட்டு வெளியே வரட்டும், சுத்தம் பண்ணுவது அப்புறம். காரணம், டிஸ்கே போய்க்கொண்டிருந்தாலும் இதே மாதிரிதான் வட்டத்தில் நிற்கும். வெளியிலிருந்து பார்த்து இது கேபிளா டிஸ்கா என்று சொல்ல முடியாது. சாகிற டிஸ்க் என்றால் ஒவ்வொரு தடவை போட்டு அணைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அதனால் இன்றிலிருந்து சும்மா போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள் அக்கா. இரண்டு மூன்று தடவை தோற்றால் விண்டோஸ் தானாக ரிப்பேர் திரைக்குப் போகும், அங்கே செக் டிஸ்க் (டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யப் பார்க்கும் விண்டோஸ் கருவி) ஓட்டலாமா என்று தோன்றும், ஓட்டவே ஓட்டாதீர்கள். பழுதான டிஸ்கில் அது எழுதவும் செய்யும், கோப்பு காணாமல் போனால் திரும்பக் கிடைக்காது.

வேறு ஒரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென் டிரைவில் உபுண்டு ஏற்றிக்கொள்ளுங்கள், விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம், இலவசம்தான். அதைச் செருகி, பூட் மெனுவில் (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் திரை) பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, "ட்ரை உபுண்டு" கொடுங்கள், இன்ஸ்டால் கொடுக்க வேண்டாம். விண்டோஸைத் தொடாமலே டிஸ்க் திறக்கும். படிக்க மட்டும்தான் முடியும் என்று காட்டினால் பயப்பட வேண்டாம், விண்டோஸ் அரைத்தூக்கத்தில் அணைந்திருந்தால் அப்படித்தான் வரும், நமக்குக் காப்பி எடுத்தால் போதும். முதலில் அப்பாவின் பாட்டு, அடுத்து போட்டோ, மற்றதெல்லாம் பிறகு. ஒரே பென் டிரைவில் விட்டுவிடாமல் இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. என் அம்மாவின் கல்யாண போட்டோக்களை ஒரே டிஸ்கில் வைத்திருந்து இழந்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எடுத்து முடித்த பிறகு டிஸ்கின் ஸ்மார்ட் கணக்கைப் பாருங்கள், டிஸ்க் தன் கோளாறுகளைத் தானே எண்ணி வைக்கிற பதிவு அது. உபுண்டுவின் டிஸ்க்ஸ் என்ற செயலியிலேயே தெரியும். "கரன்ட் பெண்டிங் செக்டர்", "ரீஅலோகேட்டட் செக்டர்" இரண்டிலும் எண் ஏறியிருந்தால் டிஸ்க் பழுது. அவை பூஜ்யமாக இருந்து "சிஆர்சி எரர்" (தகவல் கேபிள் வழியாகப் போகும்போது வருகிற பிழை) மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர்தான் குற்றவாளி.

பாம்பன்காரி:

பாட்டு கிடைத்துவிட்டது! பன்னிரண்டும் இருக்கிறது. நேற்று மத்தியானம் வெயில் ஏறிய பிறகு பக்கத்து வீட்டுத் தம்பியை வைத்துக்கொண்டு உபுண்டு போட்டோம், இரண்டாவது தடவையில் டிஸ்க் தெரிந்தது. ஒரு பிரதி என்னிடம், ஒன்று மண்டபத்தில் சித்தி வீட்டில். ஏலேலோ என்று அப்பா இழுக்கும் இடத்தில் பின்னால் அலைச் சத்தமும் கேட்கிறது, அம்மா கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அப்புறம் ஸ்மார்ட் பார்த்தேன். பெண்டிங் பூஜ்யம், ரீஅலோகேட்டட் பூஜ்யம், சிஆர்சி எரர் மட்டும் 1,412. மூடியைத் திறந்தால் ஸ்க்ரூ எல்லாம் துரு, சாட்டா கேபிளின் போர்டுப் பக்க முனை கறுத்து, ஓரத்தில் பச்சைக் களிம்பு. புதுக் கேபிள், புதுப் பேட்டரி போட்டு, ராமையும் ரப்பரால் தேய்த்தாயிற்று. இன்று காலை மழை ஈரத்திலும் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. ஆனால் 1,412 இன்னும் அப்படியே காட்டுகிறது, சரியாகவில்லையா?

தேவிபட்டினம், இப்போது துபாய்:

அந்த எண் இறங்காது அக்கா, ஆயுசுக்கும் நிற்கும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், 1,412-லேயே நின்றால் கேபிளோடு தீர்ந்தது. ஏறினால் போர்டில் பக்கத்து சாட்டா துளைக்கு மாற்றிப் பாருங்கள். ஃபார்மேட் போட்டிருந்தால் எல்லாம் அழிந்து, கோளாறு மட்டும் மிச்சமாக இருந்திருக்கும், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்டி அக்கா:

இ-சேவை வேலைக்காக மூன்று கம்ப்யூட்டர் கடற்கரைத் தெருவில் வைத்திருக்கிறேன். இனி வராமல் இருக்க ஒன்றிரண்டு சொல்கிறேன். கடல் பார்த்த ஜன்னல் ஓரத்தில் இருந்தால் முதலில் உள் அறைக்கு மாற்றுங்கள், தரையில் வைக்காதீர்கள். வேலை இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், சூட்டில் ஈரம் போய்விடும், மாதக்கணக்கில் மூடி வைத்த மெஷின்தான் இங்கே சீக்கிரம் சாகிறது. ஓடும்போது துணி போட்டு மூட வேண்டாம், அணைத்து ஆறிய பிறகு மூடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, வாடை தொடங்கும் முன்னே, புரட்டாசியில் திறந்து துடைத்துவிடுவது என் வழக்கம். உங்கள் ஊரில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் போட்டுத்தான் கட்டினார்கள், நம் வீட்டுத் தகரப் பெட்டி எம்மாத்திரம்.

இன்னொன்று, விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 2017 மெஷினில் விண்டோஸ் 11 பெரும்பாலும் முறைப்படி ஏறாது. நெட்டில் பேங்க் வேலை பார்க்கிறீர்கள் என்றால் உபுண்டுவுக்கே மாறிவிடலாம், எப்படியும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டீர்களே. கையில் காசு இருந்தால் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) போடுங்கள், எட்டு வருஷ டிஸ்கை இன்னும் நம்ப வேண்டாம்.

பாம்பன்காரி:

ஒன்பது நாள் ஆயிற்று, எண் 1,412-ஐத் தாண்டவில்லை. மெஷினை உள் அறைக்கு மாற்றிவிட்டோம். எஸ்எஸ்டி தை மாதம் வாங்குவதாக இருக்கிறேன். கீழக்கரை அண்ணன், துபாய்த் தம்பி, தொண்டி அக்கா மூன்று பேருக்கும் நன்றி. அம்மா ஒரு பாட்டைப் போனில் ஏற்றித் தரச் சொல்லியிருக்கிறார், இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.