புதிய தார்த் தளம் முதல் மழையில் ஏன் இப்படி வழுக்குகிறது?

தினப்பயணி (கேள்வி)

வணக்கம். நான் நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் கடக்கும் நான்குவழிச் சாலையின் ஒரு வளைவில் இந்தக் கோடையில் புதிய தார்த் தளம் போட்டார்கள். பழைய தளம் குண்டும் குழியுமாக இருந்த நாட்களில்கூட நான் அங்கே வழுக்கியதில்லை. கண்ணாடிபோல் இருக்கும் இந்தத் தளத்திலோ, முதல் மழை தூறிய மாலையில் பின் பிரேக்கை லேசாக அழுத்தியதுமே வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டது. நான் விழாமல் தப்பினேன். பின்னால் வந்த கார் தடுப்பில் உரசி நின்றது. மேற்பார்வையாளர் ஒருவரிடம் கேட்டபோது, தளத்தின் சமநிலையை அளந்து பார்த்த பிறகே ஒப்படைத்ததாகக் கூறினார். சமமான சாலை வழுக்கும் சாலையாகவும் இருக்க முடியுமா?

களப்பொறியாளன்

தாராளமாக முடியும். அவர் அளந்ததும் நீங்கள் கேட்பதும் வேறு வேறு. வண்டி குலுங்குவதற்குக் காரணமான மேடுபள்ளங்கள் அரை மீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் அலைபோல் அமைபவை. டயரின் பிடிப்பைத் தீர்மானிக்கும் சொரசொரப்போ அதைவிட மிகச் சிறிய அளவுகளில் இருக்கிறது. அதிலும் இரண்டு வகை உண்டு. ஜல்லிக் கல்லின் முகத்தில் உப்புத்தாளைப்போல் விரலுக்குத் தட்டுப்படும் நுண்சொரசொரப்பு, மெல்லிய நீர்ப்படலத்தைக் கிழித்துக்கொண்டு ரப்பரைத் தொடுகிறது. ஜல்லிக்கும் ஜல்லிக்கும் இடையிலுள்ள பள்ளங்களாலான பெருஞ்சொரசொரப்பு, டயருக்கு அடியில் அகப்பட்ட தண்ணீர் வெளியேற வழிவிடுகிறது. மெதுவாகச் செல்லும்போது முன்னதே பெரும்பாலும் போதும். வேகம் கூடக்கூட, பின்னது இல்லாத சாலையில் ஈரப்பிடிப்பு விரைவாகச் சரிந்துவிடும்.

புதிய தளத்தில் ஜல்லியின் முகம் முழுவதும் தார்ப்படலம் போர்த்தியிருக்கும். வண்டிகள் ஓடி அந்தப் படலம் தேய்ந்து கல் வெளியே தெரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும்; அதுவரை நுண்சொரசொரப்பு இருந்தும் இல்லாததுபோலத்தான். கலவையில் தார் மிகுந்துபோனால், கோடை வெயிலில் அது மேலே கக்கி ஜல்லியிடைப் பள்ளங்களையும் அடைத்துவிடும். நீங்கள் சொல்லும் பளபளப்பு, என் கணிப்பில், இந்த இரண்டாவது வகையாக இருக்கலாம். இதன்மேல் வறண்ட மாதங்களில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் குழம்பாகின்றன. பெருமழை அவற்றைக் கழுவிவிடும், தூறல் கழுவாது.

ஆய்வகத்தான்

மேலே சொன்னதோடு கல்லைப் பற்றியும் சேர்க்க வேண்டும். நுண்சொரசொரப்பு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைக் கல்லின் கனிமங்களே தீர்மானிக்கின்றன. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவில் 3, குவார்ட்சினுடையது 7; ஆகவே சுண்ணாம்புக்கல் டயர் பட்டுப்பட்டு விரைவில் மெருகேறி வழுவழுப்பாகிவிடும். எல்லாக் கனிமமும் ஒரே சீராகத் தேயும் கல்லைவிட, கடினமானதும் மென்மையானதும் கலந்து முன்பின்னாகத் தேயும் கல்லே சொரசொரப்பைத் தக்கவைக்கும். மெருகேறாமல் எதிர்த்து நிற்கும் இயல்பை ஆய்வகத்தில் அளந்து தரும் மெருகேறல் எண், மேல்தளத்து ஜல்லிக்கு 55-க்குக் குறையக்கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு கேட்கிறது.

போட்ட தளத்தைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று பெண்டுலம் கருவி: நனைத்த தளத்தின்மேல் ரப்பர் பட்டை உரசிச் செல்லும்போது ஊசல் இழக்கும் ஆற்றலை முள் காட்டும். ஆனால் அதன் உரசல் வேகம் மணிக்கு ஏறக்குறைய 10 கி.மீ. தான், எனவே அந்த எண்ணை மட்டும் வைத்து 80 கி.மீ. வேகத்துக்குச் சான்றிதழ் தருவது தவறு. மற்றது மணல் திட்டுச் சோதனை. 25 மில்லிலிட்டர் நுண்மணலை வட்டமாகப் பரப்பித் தேய்க்க, அது 200 மி.மீ. விட்டத்தோடு நின்றால் சராசரி ஆழம் சுமார் 0.8 மி.மீ.; 250 மி.மீ. வரை பரவினால் 0.5 மி.மீ. மணல் எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு வழுவழுப்பு. (ஓடும் சாலையில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.)

தினப்பயணி

மிக்க நன்றி. வளைவு என்பதால் ஆபத்து கூடுகிறதா? நான் 60-க்கு மேல் போகவில்லை.

களப்பொறியாளன்

கூடும். 80 கி.மீ. வேகத்துக்கு 230 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வளைவை விட்டு விலகாமலிருக்கத் தேவையான பக்கவாட்டு விசை, அதன் எடையில் 0.22 பங்கு; அதில் 0.07-ஐச் சாலையின் வெளிப்புற உயர்த்தல் ஏற்கிறது, மீதி 0.15-ஐ உராய்வு தர வேண்டும். அதே வளைவில் 100-இல் வந்தால் உராய்விடம் கேட்பது ஏறத்தாழ 0.27 ஆகிவிடும். டயரின் பிடிப்பு ஒரே கையிருப்பு என்பதால், திரும்புவதற்குச் செலவானது போக எஞ்சியதே பிரேக்குக்குக் கிடைக்கும். 60-இல் நீங்கள் கேட்டது குறைவுதான். அதையும் அந்தத் தளம் தரவில்லை என்றால் குறை தளத்தின்மேல்தான். நேர்ச்சாலையிலும் கணக்கு கடுமையானதே: 80-இல் பிரேக் பிடித்தபின் நிற்க, உராய்வு 0.6 என்றால் 42 மீட்டர், 0.3 என்றால் 84 மீட்டர்.

பழைய ஓட்டுநர்

டயரையும் பாருங்கள், தம்பி. பட்டன் தேய்ந்த டயரும் பள்ளமில்லாத தளமும் சேர்ந்தால் தண்ணீருக்குப் போக்கிடமே இல்லை. வண்டி நீரின்மேல் மிதக்கத் தொடங்கிவிடும். நீர் தேங்கிய தளத்தில் 32 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் ஏறக்குறைய 94 கி.மீ. வேகத்தில் மிதக்கும் என்று விமான டயர்களுக்காக நாசா கண்டறிந்த சூத்திரம் சொல்கிறது. காற்று குறைந்தால் அந்த வேகமும் குறையும்.

ஆய்வகத்தான்

மனு எழுதும்போது "சாலை வழுக்குகிறது" என்று மட்டும் எழுதினால் சமநிலை அறிக்கையையே மறுபடியும் நீட்டுவார்கள். ஜல்லியின் மெருகேறல் எண், கலவையின் தார் விழுக்காடு, அந்த வளைவில் எடுத்த மணல் திட்டு ஆழம், பெண்டுலம் அளவு ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தார் கக்கியிருந்தால் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தோ, நல்ல ஜல்லியைத் தூவி மெல்லிய மேற்பூச்சு போட்டோ சரிசெய்யலாம். மிக மோசமான வளைவுகளுக்கு, சுட்ட பாக்சைட் துகளைப் பிசினில் பதிக்கும் முறையும் உண்டு, செலவுதான் அதிகம். அதுவரை அங்கே வழுக்கும் சாலை என்ற எச்சரிக்கைப் பலகையை நடச் சொல்லுங்கள். அதற்கு எந்தச் சோதனை அறிக்கையும் தேவையில்லை.