குடும்பக் குழுவில் ‘மெட்ரோபோலிஸ்’

சண்முகம் பெரியப்பா (காலை 8.10)
அனைவருக்கும் காலை வணக்கம். நிலாவும் கவினும் நேற்று இரவு ‘மெட்ரோபோலிஸ்’ படத்தை முழுமையாகப் பார்த்து முடித்ததாக மீனாட்சி தெரிவித்தாள். 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட மௌனப் படத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மனத்தில் பட்டதை இங்கேயே எழுதுங்கள். நன்றாக இருந்தது என்ற ஒரு வரியோடு விட்டுவிட வேண்டாம்.

நிலா (காலை 8.26)
வணக்கம் பெரியப்பா. தொடக்கத்தில் வருகிற ஷிப்டு மாறும் காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. வேலைக்குப் போகிற கூட்டமும் வேலை முடித்து வருகிற கூட்டமும் தலையைத் தொங்கப் போட்டபடி, வரிசை குலையாமல் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. உள்ளே போகிறவர்களின் நடையே மெதுவானது. வெளியே வருகிறவர்களின் நடை அதைவிடவும் மெதுவானது. நாள் முழுவதும் எந்திரத்தின் முன் நின்ற உடம்பு என்ன ஆகும் என்பதை அந்தக் கால்களே காட்டிவிடுகின்றன.

கவின் (காலை 8.41)
எனக்கு அந்த இரண்டு கடிகாரங்கள் பிடித்தன. ஒன்று 24 மணி நேரத்துக்கு உரியது, மற்றொன்றில் பத்தே எண்கள். ஒரு ஷிப்டு பத்து மணி நேரம் என்பதால், பூமிக்கு அடியில் வாழ்கிற அந்தத் தொழிலாளர்களுக்குக் காலமே வேலையின் அளவில்தான் ஓடுகிறது. பிறகு, நகரத்தை ஆளும் யோ ஃபிரேடர்சனின் மகன் ஃபிரேடர், சோர்ந்து விழும் ஒரு தொழிலாளியைத் தாங்கிப் பிடித்து, அவனுடைய இடத்தில் தானே நிற்கிறான் அல்லவா? கடிகாரம் போன்ற பெரிய முகப்பில் எந்த விளக்கு எரிகிறதோ அந்த இடத்துக்கு முட்களைத் தள்ளிப் பிடிப்பதுதான் அந்த வேலை. கடைசியில் அந்த முட்களிலேயே கைகளை விரித்துத் தொங்கிக்கொண்டு, பத்து மணி நேரம் முடியவே முடியாதா என்று தன் தந்தையை நோக்கிக் கதறுகிறான்.

மீனாட்சி அத்தை (காலை 9.05)
இருவரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு, அண்ணா. நான் கல்லூரிக் காலத்தில் பார்த்த பிரதி இதைவிட மிகவும் சிறியது. காட்சிகள் பிரமிக்க வைத்தன என்றாலும் கதை ஒட்டவே இல்லை. ரோட்வாங் என்ற விஞ்ஞானி எந்திரப் பெண் ஒன்றை ஏன் செய்கிறான், முதலாளிக்கு உதவுவதுபோல் நடித்துவிட்டு ஏன் அவனையே அழிக்கப் பார்க்கிறான் என்பதெல்லாம் எனக்குப் புரியவில்லை. படம் வந்த ஆண்டிலேயே ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இதை அசட்டுப் படம் என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் கடுமையாக எழுதினார். பார்க்கப் பெரிய படம், கதையில் சிறிய படம் என்றுதான் அன்று முதல் பலரும் சொல்லி வருகிறார்கள்.

சண்முகம் பெரியப்பா (காலை 9.38)
மீனாட்சி, நீ சொல்கிற குறையில் பெரும்பகுதி கத்தரிக்கோல் செய்த குறை. இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கும் கதை எழுதிய அவருடைய மனைவி தேயா ஃபான் ஹார்பூவும் உருவாக்கிய படத்தின் நீளம் 4,189 மீட்டர். அது அந்த வடிவத்தில் சில மாதங்கள்தான் ஓடியது. அமெரிக்காவில் வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனம், சானிங் போலாக் என்ற நாடக ஆசிரியரைக் கொண்டு படத்தை வெட்டிக் கதையையும் மாற்றியது. ஜெர்மனியிலும் அதே ஆண்டில் சுருக்கப்பட்ட பிரதியே மறுபடி வெளிவந்தது.

அந்த வெட்டில் முதலில் போனவள் ஹெல். ரோட்வாங் காதலித்த அந்தப் பெண், ஃபிரேடர்சனை மணந்து, ஃபிரேடரைப் பெற்றெடுத்தபோது இறந்துபோனவள். ரோட்வாங்கின் வீட்டில் திரைச்சீலையை விலக்கியதும் தெரியும் அந்தப் பிரம்மாண்டமான கல்முகம் அவளுடையது. இழந்தவளை மீட்டுக்கொள்ளத்தான் அவன் எந்திரப் பெண்ணைச் செய்தான். தன்னிடமிருந்து அவளைப் பறித்தவனைப் பழிவாங்கத்தான் அதே எந்திரத்தை நகரத்தின் மீது ஏவினான். அவள் பெயர் ஆங்கிலம் பேசுவோர் காதில் நரகம் என்று ஒலிக்கும் என்று அஞ்சி அவளை அடியோடு நீக்கிவிட்டார்கள். அவளை நீக்கியபின் ரோட்வாங்குக்குக் காரணம் எங்கிருந்து வரும்?

அதைவிட எனக்கு வருத்தம் தருவது 11811 என்ற எண்ணுள்ள தொழிலாளியின் கதை போனதுதான். கவின் சொன்னானே, ஃபிரேடர் தாங்கிப் பிடித்தவன், அவனேதான். அவனுக்குக் கியோர்கி என்று ஒரு பெயர் உண்டு, ஆசை உண்டு, சறுக்கல் உண்டு. சுருக்கியவர்கள் அவனைத் தேவையில்லாதவன் என்று முடிவு செய்து, அவனுடைய கதையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். தனிமனிதனை எண்ணாக்கிக் கூட்டத்தில் கரைத்துவிடும் நகரத்தைப் பற்றிய படத்துக்கு, அந்த நகரம் செய்த அதே கொடுமையைப் பட வியாபாரம் செய்துவிட்டது. நாம் ஏறத்தாழ 80 ஆண்டுகள் பார்த்து வந்தது கூட்டம் மட்டுமே எஞ்சிய படம்.

நிலா (காலை 9.52)
கியோர்கி காரில் போகும் பகுதியை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன், பெரியப்பா. ஃபிரேடரின் வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டு, ஃபிரேடரின் நண்பன் யோசபாத்தின் வீட்டுக்குப் போக வேண்டியவன், சட்டைப் பையில் கைவிட்டுப் பார்த்தால் கற்றை கற்றையாகப் பணம். வெளியே விளக்குகள், பக்கத்துக் காரில் ஒரு பெண்ணின் முகம், யோஷிவாரா என்ற கேளிக்கை விடுதியின் விளம்பரத் துண்டுகள் மழைபோல் வந்து விழுகின்றன. அவன் தடுமாறிப் போய்விடுகிறான். அப்படித் தடுமாறியவனே பின்னால் ஃபிரேடர் மீது பாய்ந்த கத்தியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும்போது என்னால் தாங்க முடியவில்லை.

கவின் (காலை 10.03)
அந்த இடங்களில் மட்டும் படம் சற்றுச் சிறியதாகி, ஓரத்தில் கறுப்புப் பட்டையும் மழைக்கோடு போன்ற கீறல்களும் தெரிந்தனவே, அவை எங்கிருந்து வந்தவை?

சண்முகம் பெரியப்பா (காலை 10.30)
புவெனஸ் ஐரிஸ் நகரத்திலிருந்து. வெட்டப்படாத பிரதி ஒன்றை அர்ஜென்டினா விநியோகஸ்தர் ஒருவர் முன்பே வாங்கிச் சென்றிருந்தார். அது பிறகு ஒரு திரைப்பட விமர்சகரின் சேகரிப்புக்குப் போயிற்று. அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம் என்பதால், பிற்காலத்தில் 16 மி.மீ. அளவில் நகலெடுத்துவிட்டு மூலத்தை அழித்துவிட்டார்கள். மூலத்தில் இருந்த கீறல்கள் நகலிலும் பதிந்துவிட்டன, சட்டகத்தின் ஒரு பகுதியும் போயிற்று. அதனால்தான் அந்தக் கறுப்புப் பட்டை.

ஃபெர்னாண்டோ பெஞ்ஞா என்ற ஆய்வாளருக்குத் துப்புக் கிடைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய திரையிடல் ஒன்றில் புரொஜெக்டரில் பிலிம் சரியாக ஓடாததால், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது என்று ஒரு திரைப்படச் சங்கக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். உலகம் அறிந்த பிரதிகளோ அவ்வளவு நேரம் ஓடாதவை! அந்த ஐயத்தை அவர் பல ஆண்டுகள் விடவில்லை. 2008இல் அந்நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தின் இயக்குநர் பவுலா ஃபெலிக்ஸ் டிடியெரும் அவரும் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் திரும்பக் கிடைத்தன. எந்தக் காட்சி எங்கே சேர வேண்டும் என்பதற்கு, காட்ஃபிரீட் ஹூப்பர்ட்ஸ் எழுதிய இசைக்குறிப்பும் துணை செய்தது. அதில் காட்சிக்குக் காட்சி குறிப்பு உண்டு. சீரமைத்த படம் 2010 பிப்ரவரியில் பெர்லினில் திரையேறியது.

செந்தில் சித்தப்பா (காலை 10.47)
அண்ணா, தந்திரக் காட்சிகளைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கவின், அந்த மாபெரும் கட்டடங்களில் பல சிறிய மாதிரிகள்தான். ஓய்கன் ஷூஃப்டான் என்பவர் கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடியைச் சாய்வாக வைத்து, நடிகர்கள் நிற்கிற இடத்துக்கு நேரான பகுதியில் மட்டும் ரசத்தைச் சுரண்டி எடுத்துவிடுவார். சுரண்டிய இடத்தின் வழியே மனிதர்கள் தெரிவார்கள், மற்ற இடத்தில் மாதிரிக் கட்டடம் பிரதிபலிக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பிலிமில் பதிந்துவிடும். தொழிலாளர்களுக்கு நம்பிக்கை ஊட்டும் மரியாவாகவும், அவளுடைய உருவில் வரும் எந்திரப் பெண்ணாகவும் நடித்த பிரிகிட்டே ஹெல்முக்கு இதுவே முதல் படம். 1925இல் படப்பிடிப்பு தொடங்கியபோது அவருக்கு வயது 17. அமைதியான மரியாவையும், ஒரு கண்ணைச் சுருக்கித் தோளைத் திருகி நிற்கும் அந்தப் போலியையும் ஒரே முகத்தில் அவர் வேறுபடுத்திக் காட்டியதை எந்தத் தந்திரத்தைவிடவும் பெரியதாக நான் மதிக்கிறேன்.

மீனாட்சி அத்தை (காலை 11.15)
ஹெல்லும் கியோர்கியும் திரும்பி வந்ததில் என் குறை பாதி தீர்ந்தது. மீதிப் பாதி முடிவைப் பற்றியது. மூளைக்கும் கைகளுக்கும் இடையே இதயம் தூது செல்ல வேண்டும் என்று சொல்லி, முதலாளியின் கையையும் மேற்பார்வையாளன் குரோட்டின் கையையும் ஃபிரேடர் சேர்த்து வைக்கிறான். பத்து மணி நேரம் எட்டாகுமா, கூலி உயருமா என்று யாரும் கேட்கவில்லை. தேவாலயத்தை நோக்கி வருகிற தொழிலாளர்கள் அப்போதும் அளந்து வைத்தாற்போல் முக்கோண அணிவகுப்பில்தானே வருகிறார்கள்?

சண்முகம் பெரியப்பா (காலை 11.34)
அந்த முக்கோணத்தை நீ கவனித்தது மிகச் சரி. அந்த முடிவைப் பிற்காலத்தில் லாங் அவர்களே ஏற்கவில்லை, பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நானும் அதைக் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் படம் தன் உண்மையைச் சொல்லும் இடம் அதற்குச் சற்று முன்பே வந்துவிடுகிறது. எந்திரங்களை உடைத்துவிட்டு வெறியோடு ஆடும் கூட்டத்தைப் பார்த்து, உங்கள் பிள்ளைகள் எங்கே என்று குரோட் கேட்கிறான். தங்கள் வீடுகள் வெள்ளத்தில் மூழ்குவதை அப்போதுதான் அவர்கள் உணர்கிறார்கள். பிள்ளைகளோ கீழே சதுக்கத்தில் மரியாவைச் சுற்றித் தண்ணீரில் கைகளை உயர்த்தி நிற்கிறார்கள். அவளுடைய முழு உடம்பும் அந்த எச்சரிக்கை மணியின் நெம்புகோலோடு போராடுகிறது. கையைக் குலுக்கி முடித்துவிட முடியாத கணக்கு அங்கே இருக்கிறது.

நிலா (காலை 11.41)
ரோட்வாங்குக்கும் ஃபிரேடர்சனுக்கும் நடக்கும் சண்டையை எழுத்து அட்டையில் மட்டும்தான் படித்தோம். அது இன்னும் கிடைக்கவில்லையா?

சண்முகம் பெரியப்பா (காலை 11.44)
இல்லை அம்மா. அந்தச் சண்டையும் தேவாலயத்தில் துறவி ஒருவர் செய்யும் பிரசங்கமும் இதுவரை கிடைக்கவில்லை.

மீனாட்சி அத்தை (காலை 11.50)
முழுப் பிரதியை நான் பார்த்தாக வேண்டும். கவின், புதன்கிழமை வரும்போது அந்த டிஸ்க்கைக் கொண்டு வா.

கவின் (காலை 11.52)
கட்டாயம் கொண்டு வருகிறேன், அத்தை. நல்ல ஸ்பீக்கரும் கொண்டு வருகிறேன். ஹூப்பர்ட்ஸின் இசையை டிவியின் சிறிய ஒலியில் கேட்கக் கூடாது.