புதுப்பிப்பு: உயரம் ஒன்றே, அலை மட்டும் ஏன் வேறு?

முன்கதை: முன்னறிவிப்பில் அலை உயரம் ஒன்றாகவே இருந்தும், நான் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) செய்யும், கடலுக்குள் நீண்ட நில முனையில் ஒருநாள் அலை நீளமாக ஓடுகிறது, மறுநாள் தேறுவதில்லை, ஏன் என்று கேட்டிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி அலைகளுக்கு இடையிலான விநாடிகளைக் கவனித்தேன். விஷயம் அங்கேதான். 8 விநாடி அலை சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகே அடித்தரையை உணரும். அதனால் முனையைச் சுற்றி அவ்வளவாக வளையாது. 14 விநாடி அலையோ 150 மீட்டரிலேயே உணர்ந்து, கரையோரம் வளைந்து, வரிசையாக உடையும். இப்போதெல்லாம் உயரத்தை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன்.

காற்று? கரையிலிருந்து கடல் பக்கம் வீசினால் போதும், பெரும்பாலும் விடியற்காலை.

கூட்டம்தான் தீராத தலைவலி. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அலை என்பது தெரிந்தும் குறுக்கே பாய்கிறார்கள். அதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?